பதினான்காம் பக்கத்தில் ஒரு 'பேசவும்'

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குத் துலா நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டது.

ஐம்பத்தைந்து வந்திருந்தால் வழக்கு. நாற்பத்தொன்று என்றால் கோப்பைக் கட்டி வைக்க வேண்டியதுதான். மாநில அரசின் சட்டத்துறையில் சார்புச் செயலாளராக ஆறு வருடம் உட்கார்ந்தவள் நான். ஒரு எண்ணைப் பார்த்துப் பதறுகிற காலமெல்லாம் எனக்குப் போய்விட்டது. ஆனால் இதே கோப்புக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே துலா அறுபத்தேழு கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு கோப்பில் சேர்ந்தவை எல்லாம் நல்ல காகிதங்கள். மருத்துவமனை அறிக்கை நமக்குச் சாதகம், தலைமை வழக்கறிஞரின் கருத்து சாதகம். நல்ல சாப்பாடு போட்ட பிள்ளை இளைத்துப்போன மாதிரி இருந்தது எனக்கு.

துலாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் போடும் சிவில் வழக்குகளில் முக்கால்வாசி தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் நிதித்துறை ஒரு முடிவுக்கு வந்தது. ஜெயிக்கிற வழக்குக்குத்தான் பணம். எது ஜெயிக்கும் என்று யார் சொல்வது? முப்பது வருடக் கோப்புகளை, குறிப்புப் பக்கங்கள் உட்பட, ஒரு கணினிக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அதுதான் துலா. ஒரு கோப்பைக் காட்டினால் நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும். அதன் எண் ஐம்பத்தைந்தைத் தொட்டால் வழக்கு நிதி வரும். தொடாவிட்டால் வராது, நிதி அனுமதி இல்லாமல் அரசு வழக்கறிஞர் மனுவில் கையெழுத்துப் போடமாட்டார்.

வந்த முதல் வருடத்தில் அது ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டது. ஒரு துறை வாடகைக்கு விட்ட இயந்திர யானையை ஒரு கல்யாண மண்டபக்காரர் திருப்பித் தரவில்லை. அந்தக் கோப்புக்குத் துலா எண்ணே தரவில்லை. ஒரு கோடு போட்டு, 'ஒப்பிட முன்கோப்பு இல்லை' என்று எழுதிவிட்டது. நிதித்துறை குழம்பிப்போய் அவசரமாக விதி ஆறைச் சேர்த்தது: எண் வராத கோப்பில், வழக்கைத் தாக்கல் செய்யும் முதற்செலவுக்குச் சார்புச் செயலாளரே அனுமதி தரலாம். யானை திரும்பி வந்தது. விதி ஆறை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

இப்போது நாற்பத்தொன்று வாங்கிய கோப்புக்கு வருகிறேன். எட்டு வருடத்துக்கு முன் அரசாங்கம், பிறவியிலேயே காது கேளாத நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு இலவசமாக அறுவை செய்து செவிக்கருவி பொருத்தியது. உள்ளே ஒரு பகுதி, காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு பகுதி. ஓர்டானா என்ற கம்பெனியின் கருவி. அது வேலை செய்ய வேண்டுமானால் வருடத்துக்கு ஒரு முறை கம்பெனியின் கணினியிலிருந்து ஒரு உரிமச் சாவி வரவேண்டும். பதினைந்து வருடம் சாவி அனுப்புவதாக ஒப்பந்தம். ஆறாவது வருடத்தில் ஒரு வெளிநாட்டுக் குழுமம் ஓர்டானாவை வாங்கியது, காதுக்கருவியில் லாபமில்லை என்று கணக்குப் பார்த்தது, சாவியை நிறுத்தியது. நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக உலகம் அணைந்துபோனது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அரசாங்கம், ஆகவே கேட்கிற உரிமையும் அரசாங்கத்துக்குத்தான். பெற்றோர் நீதிமன்றத்தில் போட்ட மனுக்களை 'நீங்கள் ஒப்பந்தத்தில் இல்லை' என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். அரசாங்கத்துக்கு வழக்குப் போடச் சட்டத்தில் முப்பது வருடம் அவகாசம் உண்டு. ஆனால் சாவி தரும் கணினிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அது இந்த ஊரில்தான், கம்பெனியின் கிளை அலுவலகத்தில் இருந்தது. சனிக்கிழமை அந்தக் கிளையை மூடிவிட்டுக் கணினியைக் கப்பலேற்றுகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மனுப் போட்டு அதை நகர்த்தக் கூடாதென்று தடை வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அந்தக் காதுகள் அவ்வளவுதான்.

"மேடம், எண்ணு தப்பா வந்திருக்குமோ?" என்று கேட்டார் தணிகாசலம். என் பிரிவு அலுவலர், நல்ல மனிதர். தேதிகளை மட்டும் தப்பாக எழுதுவார்.

"தப்பா வந்தாலும் அதுதான் எண்ணு" என்றேன்.

அன்று மதியம் சுடலைவடிவு வந்தாள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஏதோ ஊர். பெற்றோர் சங்கத்தின் செயலாளர். இரண்டு மாதமாக மாதம் இருமுறை வந்து என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காருவாள். இந்தத் தடவை மகளையும் கூட்டி வந்திருந்தாள். முகிலாவுக்குப் பதினொரு வயது. மூன்று வயதில் கருவி வைத்து, ஐந்து வருடம் கேட்டு, பேசி, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பித்து, எட்டு வயதில் மறுபடி மௌனத்துக்குப் போன பெண். வேலை செய்யாத கருவியை இன்னும் காதில் மாட்டியிருந்தாள்.

"எடுத்து வைன்னா கேக்க மாட்டா மேடம்" என்றாள் சுடலைவடிவு. "திடீர்னு சாவி வந்துட்டா, அந்நேரம் மாட்டாம இருந்துருவேன்னு பயப்படுதா."

நான் முகிலாவிடம் சாப்பிட்டாயா என்று வாயசைத்துக் கேட்டேன். அவள் ஏதோ சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை.

"சாப்ட்டேன், இட்லிங்கா" என்று தாய் எடுத்துச் சொன்னாள். "போன வருசம் வரைக்கும் யாருக்கும் புரியும் மேடம். தன் குரலைத் தானே கேட்டாத்தானே பேச்சு நிக்கும். இப்ப மழுங்கிக்கிட்டே வருது. எனக்குப் புரியுது. இன்னும் ஒரு வருசம் போனா எனக்கும் புரியாமப் போயிரும்."

இதை அவள் அழாமல் சொன்னாள்.

எண் நாற்பத்தொன்றாகிவிட்டதைச் சொன்னேன். அவள் மடியில் இருந்த கோடு போட்ட நோட்டை எடுத்து எழுதினாள். எழுதி முகிலாவிடம் காட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். 'மேடம்: எண்ணு கொறஞ்சு போச்சு. ஏன்னு பாக்குறேன்னு சொல்றாங்க' என்று நான் சொன்னது அப்படியே இருந்தது.

"எல்லாத்தையும் எழுதுவீங்களா?"

"வீட்டுல என்ன பேசுனாலும் எழுதிக் காட்டிருவேன் மேடம். அவ அப்பா கூட சண்டை போட்டாக்கூட ரெண்டு பேரு சொன்னதையும் எழுதணும். விட்டுட்டா, தன்னைப் பத்தித்தான் என்னமோ பேசுதோம்னு நெனச்சுக்கிடுதா. இது முப்பத்தி நாலாவது நோட்டு."

செவ்வாய்க்கிழமை துலாவைப் பராமரிக்கும் ஹாரூனை வரச் சொன்னேன். முப்பது வயது இளைஞர், எங்கள் காண்டீனைத் தவிர எதற்கும் பயப்படாதவர். ஒத்திகை ஓட்டம் என்று ஒன்று இருக்கிறது. கோப்பிலிருந்து ஒவ்வொரு பக்கமாக எடுத்துவிட்டு எண் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். அது பதிவாகாது, சும்மா பார்ப்பதற்கு மட்டும்.

மருத்துவமனை அறிக்கையை எடுத்தார். முப்பத்தெட்டு. வைத்தார். தலைமை வழக்கறிஞர் கருத்தை எடுத்தார். முப்பத்தொன்பது. ஒப்பந்தம், கடிதங்கள், பிள்ளைகளின் பட்டியல் எதிலும் கோளாறு இல்லை. பிறகு குறிப்புப் பக்கங்களுக்கு வந்தார். பதினான்காம் பக்கத்தை எடுத்ததும் எண் அறுபத்தொன்பதுக்கு ஏறியது.

தணிகாசலத்தோடு சேர்த்து மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். பதினான்காம் பக்கத்தில் தணிகாசலம் எழுதிய கால் பக்கக் குறிப்பு. அதற்குக் கீழே ஒரே ஒரு சொல்லும் என் கையெழுத்தும். 'பேசவும்.'

தலைமைச் செயலகத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு இது விளங்காது. கீழே இருப்பவர் எழுதி அனுப்பிய கோப்பில் மேலே இருப்பவர் 'பேசவும்' என்று எழுதினால், நேரில் வா, வாயால் சொல்கிறேன், காகிதத்தில் வேண்டாம் என்று அர்த்தம். அன்றைக்கு நான் அப்படி எழுதியதற்குக் காரணம் சின்ன விஷயம். தணிகாசலம் ஒப்பந்தத் தேதியில் வருடத்தைத் தப்பாகப் போட்டிருந்தார். 'தேதி தவறு, கவனம் தேவை' என்று நான் எழுதினால் அது அவர் பணி முடியும் வரை கோப்பில் நிற்கும். அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதனால் கூப்பிட்டு வாயால் சொல்லித் திருத்தச் சொன்னேன். மனிதருக்கு மனிதர் செய்கிற மரியாதை.

"ஒரு வார்த்தைக்கு இருபத்தெட்டு மார்க்கா?" என்றேன்.

"அது வார்த்தையைப் படிக்கல மேடம்" என்றார் ஹாரூன். "அந்த வார்த்தைக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கிறதைப் படிச்சிருக்கு. முப்பது வருஷத்துல வழக்குக் கோப்புல 'பேசவும்' விழுந்தது ரெண்டாயிரத்து முந்நூறு சொச்சம். அதுல ஆயிரத்துத் தொள்ளாயிரம் தோத்திருக்கு. வக்கீல் ஆஜராகல, வாய்தாமேல வாய்தா, முக்கியமான சாட்சியைக் கூப்பிட மறந்தாச்சு. கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே தோத்துப்போன கேசுங்க. ஏன்னு அதுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

தணிகாசலம் காலண்டரைப் பார்த்தார். எனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒருவர் போன் செய்திருப்பார், அதை எழுத முடியாது, கூப்பிட்டுச் சொல்வார்கள், சொன்னது காற்றோடு போய்விடும், கோப்பு மட்டும் மெதுவாகச் சாகும்.

"அந்தத் தொள்ளாயிரத்து சொச்சத்துல... ஆயிரத்துத் தொள்ளாயிரத்துல" என்று குளறினேன், "என் கையெழுத்து இருக்கிறது எத்தனை?"

அவர் தட்டிப் பார்த்தார்.

"பத்தொன்பது மேடம்."

எனக்கு அவற்றில் நான்கைந்து உடனே ஞாபகம் வந்தன. பாதியில் நின்ற ஒரு பாலம். ஒரு குவாரி. கூப்பிட்டார்கள், போனேன், கேட்டேன், தலையாட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. துலா யாரிடம் படித்ததோ அவர்களில் நானும் ஒரு வாத்தியார்.

பக்கத்தை நீக்க முடியாது. மின்கோப்பில் ஒரு முறை ஏறிய குறிப்பை அழிப்பது குற்றம். ஆகவே புதன்கிழமை காலை, தெரிந்த வழியில் போனேன். ஒரு விளக்கக் குறிப்பு எழுதினேன். பதினான்காம் பக்கத்தில் 'பேசவும்' என்று எழுதியது வெறும் எழுத்துப் பிழை தொடர்பானது, வேறு நோக்கம் ஏதும் இல்லை என்று அரைப் பக்கம். கோப்பைத் துலாவுக்குத் திரும்பக் காட்டினோம்.

முப்பத்தாறு.

ஹாரூன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "விளக்கம் எழுதின கோப்புங்க இன்னும் மோசமாத் தோத்திருக்கு மேடம்."

கோபம் வந்தது. கணினிமேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? மீதி இருந்தது விதி ஒன்பது. எண் குறைந்தாலும் துறைச் செயலாளர் தன் சொந்தப் பொறுப்பில் நிதியை அனுமதிக்கலாம். வழக்குத் தோற்றால் அவர் பதில் சொல்ல வேண்டும். ஐந்து வருடத்தில் ஒருவரும் அதைப் பயன்படுத்தியதில்லை. நான் முழுக் கதையையும் எழுதி, எண் ஏன் விழுந்தது என்பதையும் எழுதி, என் தவறுதான் என்பதையும் எழுதி, விதி ஒன்பதின் கீழ் அனுமதி வேண்டி மேலே அனுப்பினேன். இவ்வளவு நேர்மையாக நான் ஒரு குறிப்பு எழுதி வெகுகாலம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கோப்பு திரும்பி வந்தது. இருபத்திரண்டாம் பக்கத்தில் செயலாளரின் கையெழுத்து. அதற்கு மேலே: 'பேசவும்.'

அவர் கெட்டவர் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், என் கணவரின் முழங்காலைப் பற்றி விசாரித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க அமலோற்பவம். படிக்கவே கஷ்டமா இருந்துச்சு. ஆனா இது இப்ப வேண்டாம்."

"நாளைக்குப் போடலைன்னா எப்பவுமே போட முடியாது சார்."

"தெரியும். ஓர்டானாவை வாங்கின குழுமம் இங்க பேட்டரி ஃபேக்டரி போடறாங்க. அடுத்த மாசம் கையெழுத்து. ஆறாயிரம் பேருக்கு வேலை. இந்த நேரத்துல அவங்க மேல அரசாங்கமே கேஸ் போட்டா நல்லா இருக்குமான்னு தொழில் துறையிலேருந்து கேட்டாங்க. மேல இருந்தும் ஒரு வார்த்தை வந்துச்சு."

"அந்தப் பிள்ளைங்க சார்?"

"ரெண்டு மூணு வருஷத்துல வேற கருவி பாத்துக் குடுத்திடலாம்."

"உள்ள வெச்சதை எடுத்துட்டு மறுபடி தலையைத் திறக்கணும் சார். அதுக்குள்ள பேச்சு போயிடும்."

அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "துலாவே முப்பத்தாறுன்னு சொல்லிடுச்சே. நாம என்ன பண்ண முடியும்? அதையே காரணமா எழுதி முடிச்சிடுங்க. யார் மேலயும் பழி வராது."

"நீங்க சொன்னதை எழுத்துல குடுத்தீங்கன்னா..."

"நேத்துதான் வேலைக்குச் சேந்தீங்களா?" என்று சிரித்தார். பிறகு தாழ்ந்த குரலில், "உங்க பேரு துணைச் செயலாளர் பட்டியல்ல மூணாவதா இருக்கு. பாத்துக்குங்க" என்றார்.

"சரி சார்" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். இருபத்தாறு வருடப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அறையை விட்டு வெளியே வரும்போதுதான் எனக்கு உறைத்தது. துலா தப்புச் சொல்லவே இல்லை. என் 'பேசவும்' அப்பாவியாக இருக்கலாம். ஆனால் இந்தக் கோப்பு எங்கே போய் முடியும் என்று அது திங்கட்கிழமையே சொல்லிவிட்டது. எனக்குத் தெரிய வியாழக்கிழமை ஆயிற்று.

பெஞ்சில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். சுடலைவடிவு எழுந்து நின்றாள்.

"பெரிய சார் என்ன சொன்னாங்க மேடம்?"

என் வாய் திறந்தது. என்ன சொல்வது? பேட்டரி ஃபேக்டரி என்றா, மேலிடம் என்றா? செயலாளர் அறையில் பேசியதை வெளியே சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

"பாக்குறோம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். முகிலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன். 'பெரிய சார்:' என்று போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். அடுத்த வரியில், 'மேடம் ஒண்ணும் சொல்லல.'

முகிலா காலியான இடத்தில் விரலை வைத்து என்னிடம் ஏதோ கேட்டாள். இந்தத் தடவை எடுத்துச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை, எனக்கே புரிந்தது. என்னைப் பத்தி என்ன பேசினீங்க என்றுதான் கேட்டாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கோப்பைத் திறந்தேன். இருபத்து மூன்றாம் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.

'பக்கம் 22-இல் கண்டபடி, இன்று காலை 10.20 மணிக்குச் செயலாளருடன் பேசப்பட்டது. பேசியது பின்வருமாறு.'

பிறகு அவர் சொன்னதை எழுதினேன். தொழில் துறை, மேலிடத்து வார்த்தை, ஆறாயிரம் வேலை, இரண்டு மூன்று வருடம், துலாவையே காரணமாக எழுதலாம் என்றது, பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக இருப்பது. நான் சொன்னதையும் எழுதினேன். கடைசியில் நான் 'சரி சார்' என்று சொன்னதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. அதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இதனால் வழக்கு நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலி இடத்தைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

விதிப்படி கோப்பை முடிக்கும் முன் புதுக் குறிப்புகளோடு துலாவுக்கு மறுபடி காட்ட வேண்டும். தணிகாசலம் படித்துவிட்டு வியர்த்துப்போனார்.

"மேடம், இதை அனுப்பணுமா?"

"எண்ணு எப்படியும் முப்பதுக்குக் கீழதான் வரும். அனுப்புங்க."

வழக்கமாக ஒரு நிமிடத்தில் எண் வரும். நான்கு நிமிடம் ஆயிற்று. பிறகு திரையில் ஒரு கோடு வந்தது. கீழே: 'ஒப்பிட முன்கோப்பு இல்லை.'

ஹாரூனைப் போனில் பிடித்தேன். அவர் எதிர்முனையில் எதையோ தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விளக்கக் குறிப்பு ஆயிரக்கணக்குல பாத்திருக்கு மேடம். மேலதிகாரி பேரோட, யாரு என்ன சொன்னாங்கன்னு பேசினதை அப்படியே எழுதின குறிப்பு முப்பது வருஷத்துல ஒண்ணுகூட இல்ல. இதுக்கு அப்புறம் என்ன நடக்கும்னு அதுக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல" என்றேன்.

எண் இல்லை. எண் இல்லாவிட்டால் விதி ஆறு. யானைக்காக எழுதிய விதி. முதற்செலவுக்கான அனுமதியில் கையெழுத்துப் போட எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. செயலாளருக்கு ஒரு நகல் அனுப்பினேன். அவர் இன்டர்காமில் கூப்பிட்டார். நான் எடுத்ததும், ஏதோ சொல்ல வந்தவர், நிறுத்திக்கொண்டார். இதையும் எழுதிவிடுவேனோ என்று நினைத்திருப்பார். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். அதையும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு மனு தாக்கலானது. ஐந்து மணிக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. கணினியை நகர்த்தக் கூடாது. செவ்வாய்க்கிழமை எனக்கு இடமாற்ற உத்தரவு வந்தது, யாரும் கேள்விப்படாத ஒரு வாரியத்துக்கு. பட்டியலில் மூன்றாவது இடத்தில் இப்போது வேறு ஒருவர் இருக்கிறார் என்று தணிகாசலம் சொன்னார். மெமோ வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மெமோ கொடுத்தால் குற்றச்சாட்டில் இருபத்து மூன்றாம் பக்கத்தை மேற்கோள் காட்ட வேண்டும், அதை யார் செய்வார்கள்?

ஒரு விஷயம் மட்டும் நான் எதிர்பாராதது. அரசு வழக்கறிஞர் அந்த வழக்கில் ஒரு வாய்தாகூட வாங்கவில்லை. வாங்கினால் யார் சொல்லி வாங்கினார் என்று கேட்பார்கள். பதில் ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது. பேட்டரி ஃபேக்டரிக்கும் கையெழுத்தாகிவிட்டது. எந்தக் குழுமமும் ஒரு வழக்குக்குப் பயந்து ஆறாயிரம் பேர் ஈட்டித் தருகிற லாபத்தை விடுவதில்லை போலிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து ஹாரூன் போன் செய்தார்.

"உங்களை மாதிரியே இதுவரைக்கும் ஏழு கோப்புல எழுதியிருக்காங்க மேடம். 'பேசப்பட்டது, பேசியது பின்வருமாறு'ன்னு. வேற வேற துறை."

"துலா என்ன எண்ணு தருது?"

"கோடுதான். உங்க கேஸ் முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்கு."

போன வாரம் சாட்சி விசாரணை. வாரியத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். முதல் சாட்சி சுடலைவடிவு. அவள் கூண்டில் ஏறி நின்றபோது, பின்பெஞ்சில் என் பக்கத்தில் முகிலா மட்டும் இருந்தாள். காதில் அந்தக் கருவி. இப்போது எழுதிக் காட்ட ஆளில்லை என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

அவள் நோட்டை என் மடியில் வைத்துப் பேனாவையும் நீட்டினாள். நாற்பத்தோராவது நோட்டு.

நீதிபதி கேட்டதை எழுதினேன். அவள் அம்மா சொன்னதை எழுதினேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அந்தப் பெண்ணின் பேச்சு அவ்வளவு மோசமாகிவிடவில்லை என்று சொன்னபோது என் கை நின்றது. முகிலா என் முழங்கையை இடித்தாள். அதையும் எழுதினேன்.